காஸ் லைட்டிலிருந்து சிலிண்டர் வரை: கீழ்பென்னாத்தூர் பக்கத்து வெட்டவெளி இரவுகள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் நிலக்கடலையும் விளைகிற பக்கம். கூடாரம் அடித்துத் தங்குவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இங்கே அண்மைக்காலம் வரை இல்லை. ஆனால் வெட்டவெளியில் ஓர் இரவாவது கழிக்காத குடும்பம் என்று ஒன்றைக் காட்டுவதும் கஷ்டம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல், ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள், பௌர்ணமிக்குப் பர்வதமலை, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை தீபமும் அதையொட்டிய மாட்டுச் சந்தையும். எங்கே போனாலும் பாய், பாத்திரம், அரிசி, பருப்பு. கூடவே ஒரு விளக்கு, ஒரு அடுப்பு. அந்த விளக்கும் அடுப்பும் எதில் எரிய வேண்டும் என்ற கேள்வி, கடையில் நின்றுகொண்டு காஸ் அடுப்பா மின் அடுப்பா என்று இன்றைய சுற்றுலாக்காரர் யோசிப்பதற்குப் பல தலைமுறை முன்பே இந்த ஊர்களில் கேட்கப்பட்டுவிட்டது.

அந்தக் கதை கூத்தில் தொடங்குகிறது. செஞ்சியையும் அதைச் சுற்றிய ஊர்களையும்தான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையப் பகுதி என்று அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். அந்தக் கோயில்களில் பாரதம் என்னும் மகாபாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அதே கதையை ஜமா எனப்படும் கூத்துக் குழு ஆடிக் காட்டும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊரின் வசதிக்கேற்ப நீளும். இரவு பத்து மணி சுமாருக்குக் களரி கட்டினால் விடியும்போதுதான் மங்களம். அவ்வளவு நேரமும் ஆடுபவரின் முகம் தெரிய வேண்டும். அரிதாரம் அப்பிய முகம், கட்டையில் செய்து கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை எல்லாமே நெருப்பு வெளிச்சத்தில் மின்னுவதற்கென்று செய்தவை.

அந்த வெளிச்சத்தைப் பந்தம்தான் கொடுத்தது. களரியின் இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடிக்க வேண்டும். பழந்துணியைத் திரித்துப் பந்தம் கட்டுவதும், எண்ணெய் வார்ப்பதும், விடிய விடியக் கையில் பிடித்து நிற்பதும் பல ஊர்களில் வண்ணார்கள் தலையில் கட்டப்பட்ட ஊர்க் கடமை. கூத்தைப் பார்த்து ஊரே சிரித்து அழுதுகொண்டிருக்கும்போது அவருக்குக் கண் முழுக்கப் புகை. வெளிச்சத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எண்ணெயின் விலையைக் கணக்கில் எழுதுகிறார்கள்; பிடித்து நின்றவரின் கை வலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த நிலையில்தான் பெட்ரோமாக்ஸ் வந்து சேர்ந்தது. பெர்லினில் இருந்த எர்ரிஷ் அண்டு கிராட்ஸ் கம்பெனி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய விளக்கு அது. கம்பெனியின் மாக்ஸ் கிராட்ஸ் பெயரும் பெட்ரோலியமும் சேர்ந்து பெயராயிற்று. நம்மூரில் அதைக் காஸ் லைட்டு என்றே சொன்னார்கள். ஊற்றுவது மண்ணெண்ணெய்தான், ஆனால் எரிவது அதன் ஆவி.

ஏற்றுவதே ஒரு வித்தை. அடித்தொட்டியில் முக்கால் பாகம் எண்ணெய் ஊற்றி மூடியைத் திருக வேண்டும். மேலே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டு விட்டுக் கொளுத்தினால் செங்குத்துக் குழாய் சூடேறும். அந்தச் சூட்டில்தான் எண்ணெய் ஆவியாகும். பிறகு பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே அடித்துவிட்டால் ஆவியாகாத எண்ணெய் பீறிட்டுக் குப்பென்று தீ மேலே ஏறும். விவரமறிந்தவர் ஸ்பிரிட்டு எரிந்து அடங்கும் தறுவாய் வரை பொறுத்திருப்பார். நூலால் கட்டிய துணிப்பையான மேண்டில் முதல் தடவை எரிந்து, வெள்ளைச் சாம்பல் கூடாக மிஞ்சும். ஒளி தருவது அந்தச் சாம்பல் கூடுதான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியின் சைக்கிள் கடையில் செந்தில் தொட்டு உடைப்பது இதைத்தான். அந்தக் காட்சி இன்றும் சிரிக்க வைக்கிறது. அதோடு ஒரு நல்ல ஆவணமாகவும் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் காஸ் லைட்டு வாடகைக்குக் கிடைத்தது சைக்கிள் கடையில்தான். பம்ப், வாஷர், பின் எல்லாம் கைக்குப் பழகியவர் அங்கேதான் இருந்தார்.

அந்தச் சாம்பலுக்குள்ளே தமிழ்நாட்டு மண் இருந்தது. மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவர் ஃபோன் வெல்ஸ்பாக். 1885இல் முதல் காப்புரிமை பெற்றார். 1891 வாக்கில் அவர் கண்ட கலவைதான் நிலைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது அப்போது பிரேசிலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுப் பொருளில் ஒட்டி வந்த மணலில் அதே மோனசைட்டைக் கண்டார். அந்த மணலைத் தேடிக்கொண்டு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்தார். முதல் உலகப் போர் வந்ததும் உளவாளி என்று பிரிட்டிஷார் அவரைப் பிடித்து அடைத்தார்கள்; மணல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் அமைந்த இந்திய அருமண் நிறுவனம் இந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. மேண்டில் செய்பவர்களுக்குத் தோரியம் நைட்ரேட் அங்கிருந்து கிடைத்தது.

தோரியம் கதிர்வீச்சுள்ள பொருள். மேலை நாடுகளில் 1990களில் மேண்டில் கம்பெனிகள் அதை விட்டு இட்ரியத்துக்கு மாறின. நம் சைக்கிள் கடைக்காரர் உடைந்த மேண்டிலை வாயால் ஊதித் தள்ளிவிட்டு அடுத்ததைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கூத்துக்குக் காஸ் லைட்டு வந்ததும் பல சௌகரியங்கள். காற்றுக்கு அசையாத வெளிச்சம், புகை கிடையாது, கையில் பிடித்து நிற்கவும் வேண்டாம். மூங்கில் நட்டுக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெயில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். ஆனால் நடுவில் அழுத்தம் இறங்கும், வெளிச்சம் மஞ்சளாகிச் சோரும். அப்போது லைட்டுக்காரர் எழுந்து வந்து பம்ப் அடிப்பார். கோமாளியான கட்டியக்காரனாக ஆடுபவர் அந்த இடைவெளியைச் சும்மா விடமாட்டார். லைட்டுக்காரரையே வம்புக்கு இழுத்து ஒரு சிரிப்பை வாங்கிவிடுவார். மழைக்கால இரவில் ஈசல் மொய்த்து மேண்டில் உடைவது வேறு. மாற்று மேண்டில் மடியில் இல்லாத லைட்டுக்காரருக்கு அடுத்த ஊரில் பாக்கு வைத்து அழைக்க மாட்டார்கள்.

கல்யாண ஊர்வலத்தில் இதே விளக்கு வேறு விதமாக வேலை வாங்கியது. சும்மாடு வைத்து, அதன்மேல் காஸ் லைட்டு வைத்து, இரண்டு வரிசையாகக் கூலி ஆட்கள் நடக்க, நடுவில் மாப்பிள்ளை கார். விளக்கு எண்ணெயோடு மூன்று கிலோ வரும். கனத்தைவிடச் சூடுதான் கொடுமை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் பத்து யூனிட் ஆற்றல் இருக்கிறது. அது எட்டு மணி நேரத்தில் தீர்கிறது என்றால், மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல். சூடேறிய அயர்ன் பாக்ஸ் ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவதற்குச் சமம் அது. பந்தம் பிடித்தவரின் புகை போய், லைட்டு சுமந்தவரின் உச்சி வேகத் தொடங்கியது; ஆள் மட்டும் மாறவில்லை, அதே தெருக்காரர்கள்தான் பெரும்பாலும்.

மின்சாரம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1957 ஜூலை 1இல் சென்னை மாநில மின்வாரியம். காமராஜர் காலத்தில் கிராமங்களுக்கு வேகமாகக் கம்பம் நட்டது. ஊருக்குள் கம்பம் வந்த பிறகும் கூத்துக் களரியில் காஸ் லைட்டு பல வருடம் தாக்குப் பிடித்தது. கம்பம் இருப்பது தெருவில்; பாரதம் நடப்பது ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்த கொல்லையில். படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் படுக்க வைக்கவும், அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடவும் இடம் வேண்டுமே. அவ்வளவு தூரம் ஒயர் இழுக்க ஊரில் யாருக்கும் தெம்பில்லை.

கடைசியில் காஸ் லைட்டைத் தோற்கடித்தது இன்னொரு விளக்கு என்று நினைக்கத் தோன்றும். மைக் செட்டுதான் தோற்கடித்தது என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. காஸ் லைட்டிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு ஒரு பொட்டுச் சக்தி எடுக்க முடியாது. ஒலிபெருக்கி இல்லாமல் ஆடினால் பின்னால் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுகிற காலம் வந்தபோது, மைக்குக்காகக் கரண்டு களரிக்கு வந்தே ஆக வேண்டியதாயிற்று. வந்த கரண்டில் இரண்டு டியூப் லைட்டையும் மாட்டிவிட்டால் எண்ணெய்ச் செலவு மிச்சம். சைக்கிள் கடையின் இடத்தை சவுண்ட் சர்வீஸ்காரர் பிடித்தார். குழாய் ஒலிபெருக்கி, சீரியல் செட்டு, டியூப் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வாடகையில். கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கும் திருட்டுக் கரண்டும் கூடவே வந்தது.

இதில் கூத்துக்கு நஷ்டமும் உண்டு. டியூப் லைட்டின் வெள்ளை வெளிச்சம் எங்கும் ஒரே சீராக விழும். திரையை விலக்கிக்கொண்டு துரியோதனன் வரும்போது கிரீடத்துக் கண்ணாடி பளீரென்று சிதற வேண்டும். டியூப் லைட்டில் அது வெறும் கண்ணாடிச் சில்லாகத்தான் தெரிகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரானின் கூத்துக் குழு சென்னை அரங்குகளுக்குப் போனபோது, அங்கே விளக்கமைப்பு என்றே தனி ஆள் இருந்தார். கிராமத்துக் களரியில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது; ஸ்விட்சு மட்டும்தான்.

அடுப்பின் வரலாறு விளக்கைப் போல அல்ல. விளக்கில் இரண்டு தலைமுறைக்குள் இரண்டு புரட்சி நடந்தபோது, வெளியில் பொங்குகிறவர் மூன்று கல்லை விட்டு அசையவே இல்லை. தீபத்துக்கு மாட்டு வண்டியில் வந்தவர்கள், அச்சுக்கடியில் லாந்தரைத் தொங்கவிட்டபடி இரவெல்லாம் பயணம் செய்து, சந்தைத் தோப்பில் வண்டியை அவிழ்த்து, கல் கூட்டிச் சுள்ளி பொறுக்கிச் சோறாக்கினார்கள். சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் 1892இல் கொண்டுவந்த பிரைமஸ் வகை பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸுக்கு அண்ணன் முறை. ஊற்றுவதும் அடிப்பதும் ஒன்றுதான். ஆனாலும் அது டவுன் வீடுகளின் சமையலறையில் நின்றது. சுள்ளி சும்மா கிடைக்கும் இடத்தில் யார் எண்ணெய் வாங்குவார்? விளக்கை மாற்ற ஒரு காரணம் போதுமாக இருந்தது. அடுப்பை மாற்றச் சுள்ளி தீர வேண்டியிருந்தது, அல்லது சிலிண்டர் வீட்டு வாசலுக்கே வர வேண்டியிருந்தது.

வாசலுக்கு வர வெகுகாலம் ஆயிற்று. பர்மா ஷெல் பம்பாயில் 1955இல் பர்ஷேன் என்ற பெயரில் சமையல் காஸை அறிமுகப்படுத்தியது. இந்தியன் ஆயிலின் இண்டேன் 1965இல் கல்கத்தாவில் தொடங்கியது. ஆரணி, போளூர், கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில் காஸ் இணைப்பு சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது பெரிதும் அரசியலால். 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக இலவசக் காஸ் அடுப்பை வாக்குறுதியாகச் சொன்னது. வென்ற பின் கொடுத்தது. 2011இல் அதிமுக சொன்னது மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. போட்டிக்குச் சொன்னவைதான் என்றாலும், இரண்டு பட்டியலையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு பங்கீடு தெரியும்: சூடாக்கும் வேலை காஸுக்கு, சுற்றும் வேலை கரண்டுக்கு. இண்டக்‌ஷன் அடுப்பை இலவசமாகத் தருவதாக அப்போது யாரும் சொல்லவில்லை. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பார்த்தால், சொல்லாமல் விட்டதே நல்லது.

வீட்டு வாசலுக்கு வந்த சிலிண்டர் அடுத்து வேனில் ஏறியது. சபரிமலைக்கோ மேல்மருவத்தூருக்கோ கிளம்பும் குழு, பின்சீட்டுக்கடியில் சிலிண்டரையும் ஒற்றை பர்னர் அடுப்பையும் செருகிக்கொண்டு, சாலையோரத் தோப்பில் நிறுத்தி உப்புமா கிண்டுவது இன்று சர்வசாதாரணம். இதே வேனில் வெளிச்சத்துக்கு யாரும் காஸ் தேடுவதில்லை. சார்ஜ் ஏற்றிய எல்இடி விளக்கு ஒன்று, செல்போன் டார்ச்சு பத்து.

இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. கடையில் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதி விற்கும் பவர் பேங்கில் அடங்குவது சுமார் 74 வாட் மணி. ஐந்து வாட் எல்இடி விளக்கைப் பத்து மணி நேரம் எரிக்க 50 வாட் மணி போதும். ஒரு கூத்தே நடத்திவிடலாம். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, ஒரு துளிச் சூடும் வீணாகாவிட்டால்கூட, 87 வாட் மணி வேண்டும். விடிய விடிய வெளிச்சம் தரும் பெட்டி நாலு பேருக்கு டீ போட உதவாது. வேனின் பேட்டரியிலிருந்து எடுக்கலாம் என்றால், 12 வோல்ட் 40 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பதே 480 வாட் மணி. ஒரு வேளை சோறு வெந்த பிறகு வேனைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஒரு கிலோ சமையல் காஸில் இருப்பதோ ஏறத்தாழ 12,700 வாட் மணி. ஐந்து கிலோ சிலிண்டரில் அறுபது யூனிட்டுக்கு மேல். அடுப்பில் பாதி வீணானாலும் முப்பது யூனிட் பாத்திரத்துக்குப் போகும். இருபது பேர் குழு இரண்டு நாள் சமைத்துச் சாப்பிட்ட பிறகும் அதில் மிச்சம் இருக்கும்.

கணக்கு காஸின் பக்கம் இருந்தாலும் சட்டம் எல்லா இடத்திலும் அதன் பக்கம் இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலைய யார்டில் நிறுத்தியிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கிளம்பி நாகர்கோவில் வரை பார்த்துவிட்டு வந்த யாத்திரைக் குழு. விதியை மீறிச் சிலிண்டரை ஏற்றி வந்திருந்தார்கள், பெட்டிக்குள்ளேயே டீ போட முயன்றபோது தீ பரவியது. ரயிலில் சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய் எதையும் கொண்டுபோகக் கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை சொல்கிறது. தோப்பில் இறக்கி வைத்தால் காற்றோடு போகிற கசிவு, மூடிய பெட்டிக்குள் தேங்கி நிற்கும். காற்றைவிடக் கனமான வாயு அது, தரையோடு பரவும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பவருக்கும் இதே ஆபத்து, கூடவே கார்பன் மோனாக்சைடும்.

மின்சாரம் மட்டும் சாது என்று சொல்லவும் இடமில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் மின்விளக்கு அலங்காரத்தோடு வந்த அப்பர் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். காஸ் லைட்டு காலத்துச் சப்பரங்களுக்கு மேலே கம்பியும் இல்லை, அவ்வளவு உயரத்துக்கு ஜோடனையும் இல்லை.

மலையேறுகிறவர்கள் இந்த வழக்கிலிருந்து எப்போதும் தனி. சுமார் 4,500 அடி உயரப் பர்வதமலைக்குத் தென்மகாதேவமங்கலம் பக்கமிருந்து பௌர்ணமி இரவில் ஏறியவர்கள் காஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கடைசிப் பகுதியில் சங்கிலியைப் பிடித்து, கடப்பாறைக் கம்பியில் கால் வைத்து ஏற வேண்டும்; இரண்டு கையும் வேண்டும். இரண்டு கட்டை எவரெடி டார்ச்சை இடுப்பில் செருகினார்கள். இப்போது நெற்றியில் கட்டும் விளக்கு. சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் கூடாரம் போட வருகிற இளைஞர்கள் கையில் அடக்கமான பியூட்டேன் கேன் அடுப்பு இருக்கிறது. இங்கே அது நன்றாகவே எரியும். இமயமலைக்கு அதையே கொண்டுபோனால் காலையில் கை விரித்துவிடும். பியூட்டேன் ஆவியாக வெப்பநிலை மைனஸ் அரை டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மைனஸ் 42 வரை ஆவியாகும் புரொப்பேன் கலந்த கேன்தான் பனியில் உதவும். திருவண்ணாமலைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. 2,668 அடி மலையுச்சிக் கொப்பரையில் பதினொரு நாள் எரிகிற தீபத்துக்கோ காஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்; ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் காடாத் துணியும் போதும்.

காஸ் லைட்டு இன்று பழம்பொருள் கடையில் கிடைக்கிறது. கல்யாண மண்டப வாசலில் உள்ளே எல்இடி பல்பு மாட்டி அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். மேண்டிலுக்குத் தோரியம் கேட்பவர் குறைந்துவிட்டார்கள். அதே தோரியத்தை இப்போது மின்சாரத்துக்காகச் சேர்த்து வைக்கிறது அரசு. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பித்தான் இருக்கிறது. கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி உலை, தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம் 233இல் ஓடுகிறது. அதன் திறன் 30 கிலோவாட், அதுவும் வெப்பமாக. ஏறக்குறைய இருபத்தைந்து காஸ் லைட்டு சேர்ந்தால் வருகிற சூடு. பல்பு எரிக்க அதை வைத்திருக்கவில்லை. நியூட்ரான் கதிரால் பொருள்களை ஊடுருவிப் படமெடுக்கவே வைத்திருக்கிறார்கள்.